நாயோடு வெளிக்குப் புறப்படுமுன்

"நாய்க்கும் ஒரு பூங்காவா?" என்று வியப்போர் நம் ஊரில் இன்றும் உளர். மனிதர் உலாவுவதற்கே ஒழுங்கான பூங்காக்கள் அரிதாயுள்ள குடாநாட்டில் இவ்வியப்பு எழுவது இயல்பே. ஆயினும் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு, கைத்தொலைபேசியின் சிறு திரையிலே அவர்கள் முகங்காணும் புத்தூர்ப் பெற்றோர்க்கு அச்சொல் புதியதன்று. ரொறன்ரோவிலிருந்து வரும் படங்களில், கம்பிவேலி சூழ்ந்த புற்றரையொன்றில் பத்துப் பதினைந்து நாய்கள் கயிறின்றி ஓடித் திரிவதையும், கையில் வெறுங்கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் ஓரமாக நிற்பதையும் அவர்கள் கண்டிருக்கின்றனர். "எங்கடை ஊரிலை நாய் தன்பாட்டிலை திரியுது. அங்கை அதைக் காரிலை ஏத்திக்கொண்டு போயெல்லே திரிய விடுகினம்!" என்று அயலிலுள்ள ஆச்சி ஒருவர் நம்மிடம் கூறி நகைத்தார்.

ஆச்சியின் நகைப்பில் நியாயம் பாதி உண்டு. மற்றைப் பாதியை இங்கே சிறிது ஆராய்வோம்.

நாய்களுக்கென ஒதுக்கப்பட்ட பூங்காக்களுள் முதலாவதெனப் பொதுவாகச் சொல்லப்படுவது, அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்துப் பேர்க்லி நகரில் 1979 ஆம் ஆண்டில் ஏற்பட்டதாகும். நிலத்தடி இருப்புப்பாதை அமைப்பதற்காக வீடுகள் அகற்றப்பட்டு வெறுமையாய்க் கிடந்த நிலத்திலே, ஓலோனிப் பூங்காவின் ஒரு பகுதியை வேலியடைத்து நாய்களுக்கு விட்டனர். இதற்குக் காரணம் செல்லமன்று, நெருக்கடி. நகரங்கள் பெருகவே, நாயைத் தெருவிற் கயிற்றோடுதான் கொண்டுசெல்லல் வேண்டும் என்ற சட்டங்கள் பெருகின. பகலெல்லாம் அடைபட்ட அறைக்குள்ளும் மாலையில் ஆறடிக் கயிற்றின் நுனியிலும் வாழ்ந்த பிராணிக்கு, கால் நீட்டி ஓட ஓரிடமேனும் வேண்டியிருந்தது. அம்முறை பின்னர் உலகின் பல பாகங்களுக்கும் பரவியது. நமக்கு அண்மையிலே ஐதராபாத்து நகரின் கொண்டாப்பூரில் 2018 ஆம் ஆண்டு 1.3 ஏக்கர் நிலத்தில், நம் கணக்கிலே சொன்னால் ஏறத்தாழ இருபத்தொரு பரப்புக் காணியில், நாய்ப் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது.

இப்பூங்காக்களின் வேலியை விட நம் கவனத்திற்குரியவை அவற்றின் நியதிகளே. ரொறன்ரோ நகரில் நாய் வளர்ப்போர் நகராட்சியிடம் அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும். மூன்று மாதத்திற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாய்க்கும் விசர்நோய்த் தடுப்பூசி இடுதல் ஒன்ராறியோ மாகாணத்திற் சட்டத்தால் விதிக்கப்பட்ட கடமை. அழைத்தால் வராத நாயையும், பிறர்மேற் பாயும் நாயையும் பூங்காவுள் அவிழ்த்துவிடலாகாது. ஆகவே, படத்திலே நாம் காணும் அந்த அரைமணிநேர ஓட்டத்திற்குப் பின்னால், படத்தில் வராத பல மாத ஆயத்தம் இருக்கிறது. ஆச்சியின் நகைப்பில் விடுபட்ட பாதி இதுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். புத்தூரிலே வேலியிட்ட நாய்ப் பூங்கா இல்லை. வேண்டுவதும் இல்லை என்பது நம் எண்ணம். புத்தூர்ச் சந்தியிலிருந்து மேற்கே செல்லும் வீதி நிலாவரைக் கிணற்றைக் கடந்து சுன்னாகத்துக்குப் போகிறது. அது செம்மண்ணும் தோட்டமும் சன நெருக்கமும் உள்ள பக்கம். கிழக்கே செல்லும் வீதியோ வாதரவத்தையூடாக மீசாலைக்குப் போவது. அப்பக்கம் செல்லச் செல்லச் செம்மண் வெளிறி, பனைகள் ஐதாகி, வயல் தோன்றி, அப்பால் உப்பாற்றுக் கடனீரேரி வரை கண்ணுக்கெட்டிய தூரம் வெளியாய் விரியும். மாசியில் அறுவடை முடிந்து தாள் காய்ந்தபின், மாலை நேரத்துக் காற்றோடு அவ்வெளியிலே நிற்பவர்க்கு வேறு பூங்கா எதற்கு? ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நீர்க்காடாகிவிடும் என்பது வேறு. எஞ்சிய மாதங்களில், ஒரு நாய் ஓடுவதற்கு இதனினும் சிறந்த இடம் பேர்க்லியிலும் இராது.

ஆனால் இடம் இருத்தல் ஒன்று. அவ்விடத்துக்கு ஏற்ற நாய் இருத்தல் மற்றொன்று.

நம் ஊர் நாய்களைப் பெரும்பாலும் இரு வகுப்பாகக் காணலாம். ஒன்று கட்டாக்காலி, ஒழுங்கையிற் பிறந்து, ஒழுங்கையில் வளர்ந்து, பல வீட்டுச் சோற்றை உண்டு, ஒரு வீட்டுக்கும் உரித்தாகாதது. மற்றொன்று சங்கிலியிற் கிடப்பது. குட்டியாய் வந்த மூன்றாம் மாதம் மாமரத்தடியிற் கட்டப்பட்டு, அம்மரத்தைச் சுற்றி வட்டமாக மண்ணைத் தேய்த்து, ஆயுள் முழுவதும் படலையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருப்பது. முன்னதற்கு உலகெல்லாம் உண்டு, உரியவர் இல்லை. பின்னதற்கு உரியவர் உளர், உலகம் இல்லை. சங்கிலியிற் கிடக்கும் நாயே தற்செயலாக அவிழ்ந்த நாளில் அயலவர் பிள்ளையைக் கடிக்கிறது. அதன் குணம் கெட்டதன்று; சங்கிலியின் எல்லைக்கு அப்பாலுள்ளவை யாவும் அதற்கு அந்நியம், அச்சம். கள்ளருக்குப் பயந்து நாய் வளர்க்கிறோம் என்று சொல்லி, அந்த நாய்க்கு அயலவரையும் பயமாக்கிவிடுகிறோம்.

நாயைப் பற்றி நம் முன்னோர் இவ்வாறு இருமனப்பட்டே இருந்தனர் போலும். இழிவுக்கு நாயையே உவமித்தனர். ஆயினும் நாலடியார் பாடிய முனிவர், நெடுநாட் பழகியும் பாகனைக் கொல்லும் யானையை ஒத்தவரின் நட்பை விலக்கி, எறிந்த வேல் உடம்பில் நிற்கவும் வாலாட்டும் நாயை ஒத்தவரின் நட்பைத் தேடுக என்று உபதேசித்தார். தருமபுத்திரர் தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புகுதற்கு இசைந்திலர் என்று மகாபாரதம் கூறும். குடாநாட்டிலே வைரவர் சூலம் நாட்டப்படாத குறிச்சி அரிது. அப்பெருமானுக்கு வாகனம் நாய். மடையன்று வைரவருக்கு வடைமாலை சாத்தும் நாம், அவ்வீதியிற் படுத்திருக்கும் வாகனத்துக்குக் கல்லெறிவதையும் காண்கிறோம்.

நாய்க்கும் மனிதனுக்கும் உள்ள கயிறு எது என்பதை இவ்வூர் ஒருமுறை கடுமையாகக் கற்றுக்கொண்டது. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் வலிகாமத்திற் போர் மூண்டபோது புத்தூரும் அதன் அயலும் வெறுமையாயின. அம்மாதம் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்தின் எஞ்சிய மக்களும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தனர். பிள்ளையைத் தூக்கியவர் பெட்டியை விட்டார். பெட்டியைத் தூக்கியவர் பசுவை விட்டார். நாம் அப்போது பள்ளிச் சிறுவர். மாட்டை அவிழ்த்துவிட்ட கையாலே நாயின் சங்கிலியையும் கழற்றிவிட்டு, படலையைத் திறந்தபடியே விட்டுப் புறப்பட்டனர் பெரியோர். சில நாய்கள் சனத்தின் கால்களுக்கிடையே சிறிது தூரம் தொடர்ந்து வந்தன. பின்னர் நெரிசலிலே காணாமற் போயின.

1996 ஆம் ஆண்டு சித்திரைக்குப் பின் மக்கள் மீண்டும் வலிகாமத்துக்குத் திரும்பினர். ஒழுங்கைகளிலே பற்றை முளைத்திருந்தது. நாய்கள் கூட்டங் கூட்டமாய்த் திரிந்தன. எலும்பும் தோலுமாய், மனிதரைக் கண்டால் பதுங்கின, அன்றேல் சீறின. எது எவருடையது என்று அறிய வழியில்லை. எங்கள் ஒழுங்கையிலிருந்த முதியவர் ஒருவர் தம் வீட்டு முகப்பில் நின்று, ஆறு மாதத்திற்கு முன் வழங்கிய பெயரைச் சொல்லி உரத்துக் கூப்பிட்டார். ஒருமுறை, இருமுறை. கூட்டத்தில் ஒன்று மட்டும் தலையை உயர்த்தியது. அஞ்சி நின்றது, சிறிது வந்தது, மறுபடி நின்றது, பின்னர் வயிறு நிலத்திலே தேய ஊர்ந்து வந்து அவர் காலடியிற் கிடந்தது. அம்முதியவர் அந்நாயைப் பெயர் சொல்லி அழைத்துச் சோறிட்டு வளர்த்தவர் என்பது ஊரறிந்தது. எஞ்சிய நாய்களும் ஏதோ ஒரு வீட்டிலே காவல் கிடந்தவைதாம். அவற்றை அவ்வாறு அழைத்தார் எவருமிலர், அல்லது அழைத்தவர் திரும்பி வரவில்லை.

வெளிக்குச் செல்லும் ஆயத்தத்தில் முதன்மையானது எதுவென்று நம்மைக் கேட்டால், கழுத்துப்பட்டியையோ கயிற்றையோ சொல்லமாட்டோம். பெயர் சொன்னால் திரும்பி வருதல் என்பதையே சொல்வோம். அதைக் கற்பிக்கும் முறையைப் பின்னர்க் கூறுவோம். அதற்கு முன் உயிரைப் பற்றிய காரியம் ஒன்று உண்டு.

அது விசர்நோய். அதனைச் சொல்லாது நாயைப் பற்றிப் பேசுவது குற்றமாகும். இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி இடும் இயக்கம் விரிந்ததன் பயனாக அண்மைக் காலத்தில் அத்தொகை ஆண்டுக்கு இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியுள்ளது. ஆயினும் உலக முழுவதிலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இதற்குப் பலியாகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. மனிதருக்கு இந்நோய் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாயிலிருந்தே வருகின்றது. கடியுண்டு சிகிச்சை பெறுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதிற்குட்பட்ட சிறுவர். நோயின் குறிகள் தோன்றியபின் காப்பாற்றும் மருந்து இன்றும் இல்லை என்றே கூறவேண்டும். தோன்றுமுன் காப்பதோ எளிது. 1885 ஆம் ஆண்டு ஆடி மாதம் 6 ஆந் திகதி லூயி பாஸ்ரர் என்னும் பிரெஞ்சு அறிஞர், விசர்நாய் கடித்த யோசேப்பு மைஸ்ரர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தை ஏற்றினார்; அவன் பிழைத்தான். பாஸ்ரர் மறைந்த செப்ரெம்பர் 28 ஆந் திகதியே இன்று உலக விசர்நோய் நாளாக நினைவுகூரப்படுகின்றது.

ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபது தடுப்பூசி பெற்றிருந்தால், நோய் ஒரு நாயிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வழியின்றி அறுந்துவிடும் என்பது ஆய்வாளர் கணிப்பு. இது கணித ஆசிரியருக்கு மாத்திரம் உரிய செய்தியன்று. என் நாய் வீட்டை விட்டுப் போவதில்லை, அதற்கு ஊசி எதற்கு என்று சொல்லும் ஒவ்வொருவரும் அந்த எழுபதிலிருந்து ஒன்றைக் குறைக்கின்றனர். நம் நாட்டில் நாய்களுக்கான இவ்வூசியை அரசாங்கம் இலவசமாகவே இட்டுவருகின்றது. கிராமத்துக்கு ஊசி போட வருகின்றனர் என்ற அறிவித்தல் கேட்டால், நாயைக் கயிற்றிற் கட்டிக் கொண்டுபோவதே வேண்டுவது. ஊசி இட்டதற்குத் தரும் அட்டையைப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் பெட்டியிலேயே வைத்தல் நலம். கடி என்ற பேச்சு வந்த நாளில் முதலிற் கேட்கப்படுவது அதுவே. ஆண்டுதோறும் மறுவூசி தவறாது இடல் வேண்டும்.

சட்டமும் இதிற் பின்னிற்கவில்லை. விசர்நோய்ச் சட்டம் 1893 ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901 ஆம் ஆண்டிலும் இந்நாட்டில் இயற்றப்பட்டவை. பதிவு இன்று உள்ளூராட்சிச் சபைகளின் பொறுப்பு. புத்தூர் வலிகாமம் கிழக்குப் பிரதேச சபைக்குட்பட்டது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் முறை 2006 ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டது. கொல்லுவதை நிறுத்தியமை அறமே. ஆனால் கொல்லாமல் விட்டால் மட்டும் போதாது. ஊசியும் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் அதன் இடத்தை நிரப்ப வேண்டும். அவை நிரப்பாத இடத்திலே குட்டிகள் நிரப்புகின்றன. வேண்டாத பெட்டைக்குட்டிகளைச் சாக்கிலே கட்டிச் சந்தையடியில் விட்டுச் செல்லும் வழக்கம் நம்மவரிடையே ஒழியவில்லை என்பதை இங்கே சொல்லாமல் இருக்கமுடியவில்லை.

எவரையேனும் நாய் கடித்தாலோ, புண்ணுள்ள இடத்தை நக்கினாலோ செய்யவேண்டியதை வீட்டிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் மனனஞ் செய்து வைத்திருத்தல் வேண்டும். ஓடும் நீரிலே சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுக. மிளகாய்த்தூள், மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு ஒன்றும் அப்பற்க. இறுகக் கட்டற்க. உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. கடித்த நாயை ஆத்திரத்தில் அடித்துக் கொல்லாது, இயலுமானால் கட்டிவைத்துக் கவனிக்க வழிசெய்க. அது பிழைத்திருக்கிறதா என்பதே வைத்தியருக்கு வேண்டிய சான்று. நாய் கடித்ததைச் சொன்னால் அடிவிழும் என்று மறைக்கும் சிறுவர் உளர். அந்த அச்சத்தைப் பெற்றோர் இன்றே நீக்கிவிடல் வேண்டும்.

இனிக் குட்டியின் கல்விக்கு வருவோம். நமது தொழிலே கல்வியாதலால் இவ்விடத்திற் சிறிது நின்று பேசுவதை வாசகர் பொறுப்பாராக.

அமெரிக்காவிலே ஸ்கொட், புல்லர் என்னும் இரு அறிஞர் நாய்களை நெடுங்காலம் ஆராய்ந்து 1965 ஆம் ஆண்டில் ஒரு பெருநூலை வெளியிட்டனர். பிறந்து மூன்று வாரத்திற்கும் பன்னிரண்டு வாரத்திற்கும் இடைப்பட்ட காலமே, உலகத்தோடு உறவு கொள்ள நாய்க்குட்டி கற்கும் காலம் என்பது அவர்கள் கண்டது. அக்காலத்தில் மனிதரையும் பிற நாய்களையும் கண்டு பழகாத குட்டி, பின்னர் எவ்வளவு அன்பாய் வளர்த்தாலும் அந்நியத்தைக் கண்டு அஞ்சும். அஞ்சுவதே கடிக்கும். இங்கே ஓர் இக்கட்டு உண்டு. குட்டிக்கு இடவேண்டிய தடுப்பூசிகள் ஒன்று விட்டு ஒன்றாக ஏறத்தாழ நான்காம் மாதம் வரையிற் செல்கின்றன. அவை முடியுமுன் பல நாய்கள் கூடும் இடத்திலே குட்டியை இறக்கிவிடலாகாது. 1978 அளவில் உலகெங்கும் பரவிய பார்வோ என்னும் நோய்க்கிருமி, நோயுற்ற நாயின் மலத்தோடு மண்ணிற் கலந்து மாதக்கணக்கில் அழியாதிருப்பது. குட்டிகளை இரத்தக் கழிச்சலாற் கொல்வது. பழகவேண்டிய காலமும் ஒதுங்கியிருக்கவேண்டிய காலமும் ஒன்றாயிருந்தால் என் செய்வது?

விடை எளிது. குட்டியைக் கையிலே தூக்கிச் செல்க. புத்தூர்ச் சந்தியிலே ஒரு கடையோரத்தில் பத்து நிமிடம் நின்றால், பருத்தித்துறை வீதியில் விரையும் பேருந்தும், உழவு இயந்திரமும், துவிச்சக்கரவண்டி மணியும், குடையும், பாடசாலை விட்ட பிள்ளைகளின் ஆரவாரமும் அதற்குப் பாடமாகும். கோயில் மணி ஒலிக்கும்போது தெருமுனையில் நின்று தட்டிக் கொடுக்கலாம். ஊசி முடிந்த, நோயற்ற, சாதுவான உறவினர் வீட்டு நாயோடு முற்றத்தில் விளையாட விடலாம். மண்ணிற் கால் படாமலே உலகத்தைப் பார்த்துவிடும்.

அழைத்தால் வரும் பழக்கமும் இவ்வயதிலேயே தொடங்குவது. இதற்கு விலையுயர்ந்த பயிற்சி ஒன்றும் வேண்டா. சோறு வைக்குமுன் பெயரைச் சொல்லி அழைக்க, வந்தபின் வைக்க. அறையின் ஒரு மூலையிலிருந்து அழைக்க. பின்னர் முற்றத்தின் கோடியிலிருந்து. பின்னர் வேலியோரம் வேறு நாய் போகும்போது. ஒவ்வொரு முறையும் அவித்த மீனிலோ இறைச்சியிலோ நகத்தளவு துண்டு கொடுக்க. உப்புக் கருவாட்டை நாய் விரும்பினும் நாம் விரும்பலாகாது. பின்னர் முப்பது அடி நீளமுள்ள இலேசான கயிற்றைக் கழுத்துப்பட்டியிற் கட்டித் தரையில் இழுபட விட்டு, திறந்த இடத்தில் அழைத்துப் பழக்குக. அக்கயிற்றை ஒரு மாதம் பிடிக்க நேராதிருந்தால் மாத்திரமே அதனை அவிழ்ப்பது பற்றி எண்ணலாம்.

இதிலே நம்மவர் வழக்கமாக இரண்டு காரியம் செய்கின்றனர். இரண்டும் பயிற்சியைக் கெடுப்பவை. கோழியைக் கலைத்த நாயைப் பெயர் சொல்லி அன்பாய் அழைத்து, வந்தவுடன் அடிப்பது ஒன்று. நாம் முன்னே குறிப்பிட்ட ஆச்சி இதைப் பற்றிச் சொன்னதை எந்தப் பயிற்சி நூலிலும் சேர்க்கலாம்: "அடிக்கிறதுக்குக் கூப்பிட்டால் அது ஏன் தம்பி வரப்போகுது? நான் கூப்பிட்டால் நீரும் வரமாட்டீர்தானே." மற்றொன்று, வீடு திரும்பும் நேரத்தில் மாத்திரம் அழைப்பது. நாய் கணக்கறியாதது என்று எண்ணற்க. அழைப்பு வந்தால் ஆட்டம் முடிந்தது என்று அது இரண்டாம் நாளே அறிந்துவிடும். ஆகவே வெளியில் நிற்கும்போது பத்து முறை அழைத்தால், ஒன்பது முறை தடவிக் கொடுத்துத் திரும்ப ஓடவிட வேண்டும். அழைப்பு என்பது முடிவாகாது, இடைவேளையாகட்டும்.

ஆடும் மாடும் மேயும் ஊர் இது. அறுவடை கழிந்த வயலிலே பட்டியை மேய விடுபவருக்கு, நம் நாயின் விளையாட்டு விளையாட்டன்று. சினையாடு ஒன்றைக் கலைத்து ஓடவிட்டால் குட்டி அழியலாம். ஒரு குடும்பத்தின் வருவாய் அது. ஆட்டைக் கண்டும் காணாததுபோல் நம் பக்கமாய்த் திரும்பி நடக்கும் வரை, அந்த நீண்ட கயிறு அவிழலாகாது. எத்தனை மாதமாயினும் ஆகுக.

நாளைக்குப் புறப்படலாம் என்று நாயும் நாமும் தேறியபின், அன்றைய ஆயத்தம் சொற்பமே. காலை ஏழு மணிக்கு முன் அல்லது மாலை ஐந்து மணிக்குப் பின் செல்க. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை; நாக்கை நீட்டி இளைத்தே அது தன் சூட்டை ஆற்றுவது. தார்வீதியிலே புறங்கையை வைத்துச் சில விநாடி பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதமும் பொறுக்காது. போத்தலில் நீரும், ஊற்றிக் கொடுக்கச் சிரட்டை ஒன்றும் கொள்க. கழுத்துப்பட்டிக்கும் கழுத்துக்கும் இடையே இரு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் பின்வாங்கிக் கழற்றிவிடும். பட்டியிலே தொலைபேசி எண் எழுதிய சிறு தகடு இருத்தல் நன்று. வயிறு நிறைய உண்ட உடனே ஓட விடற்க. பருவங்கொண்ட பெட்டை நாயை அந்நாட்களில் வீட்டிலேயே வைத்திருக்க. இல்லையேல் ஊரிலுள்ள கடுவன்கள் யாவும் நம்மோடு உலாவ வரும். சந்தியிலும் பெருவீதியிலும் கயிறு கையை விட்டு நீங்கவே கூடாது. பள்ளி செல்லும் சிறுவரிடம் பெரிய நாயின் கயிற்றைக் கொடுத்தனுப்புவோரை நாம் காண்கிறோம். அங்கே யார் யாரை உலாவ அழைத்துச் செல்கின்றனர் என்பது ஐயமே.

வெளியிலே வேறு நாய் எதிர்ப்பட்டால் அதன் வாலை மட்டும் பார்த்து முடிவு செய்யற்க. வாலாட்டுவதெல்லாம் மகிழ்ச்சியன்று. உடல் தளர்ந்து, வளைந்து வந்து, பக்கமாய் மோப்பம் பிடிப்பது நட்பு. உடல் விறைத்து, பிடரி மயிர் சிலிர்த்து, நேர்க்கோடாய் நோக்குவது வேறு. அப்போது கயிற்றை இறுக்கி இழுத்தால் நம் நாய் தப்ப வழியில்லை என்று எண்ணிப் பாயும். ஆதலால் தளர்வாய்ப் பிடித்தபடியே திசை மாறி நடத்தல் வேண்டும். சண்டை மூண்டால் இடையிலே கையை நுழைப்பது பேதைமை. போத்தல் நீரை முகத்தில் எறிவது பயன்தரும். கட்டாக்காலிக் கூட்டம் சூழ்ந்தால் ஓடாது நிற்க. பற்றைகளையும் கறையான் புற்றுகளையும் நாய் மூக்கால் துழாவ விடலாகாது. நாகமும் புடையனும் அங்கே குடியிருப்பன. அவற்றுக்கு நம் நாயின் குலமும் குணமும் தெரியாது.

வீடு திரும்பியதும் வேலை இன்னும் சிறிது உண்டு. காதின் உட்புறம், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டியின் கீழ் என மூன்று இடத்திலும் உண்ணி பார்க்க வேண்டும். நசுக்காது, தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுத்தெடுத்துச் சவர்க்கார நீரில் இடுக. நெருஞ்சி முள் பாதத்தில் இருந்தால் அப்போதே எடுத்துவிடுக. நீர் கொடுத்துச் சிறிது நேரம் கழித்துச் சோறு வைக்கலாம். பின்னர் அது திண்ணையோரம் நான்கு காலையும் நீட்டி உறங்கிவிடும். அப்படி உலாவி வந்த இரவில் கள்ளர் வந்தாலும் இது எழும்பாது என்று எங்கள் வீட்டார் குறை கூறுகின்றனர். நாம் அதனை மறுப்பதில்லை. படலையைப் பூட்டிவிட்டுப் படுக்கின்றோம்.